வயசுக்குத் தகுந்த மாதிரி

1

நான் வேலை பார்க்கும் வார்டில் இருபத்தெட்டுக் கட்டில்கள். எல்லாமே எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், என் சொந்த ஊரான மேலூரில் யாரும் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லாத ஓர் ஊர். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, வார்டு கிளார்க். கோப்பு தேடுவது, ஃபோன் எடுப்பது, ஆம்புலன்ஸுக்குச் சொல்வது, வீட்டுக்குப் போகிறவர்களின் சீட்டை அச்செடுத்துக் கொடுப்பது. இருபத்தோரு வருஷமாக இதுதான்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் என் மேஜையில் சாய்ந்தபடி ஃபோனில் ஒரு நோயாளியைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். நோயாளிக்கு எண்பத்து மூன்று. "இனிமையான குழப்பத்தில் இருக்கிறார், அவசரமில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இங்கே அது புழக்கத்தில் உள்ள சொல். சத்தம் போடாமல், யாரையும் அடிக்காமல், கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சம்பந்தமில்லாத பதில் சொல்லும் வயதானவர்களை அப்படிச் சொல்வார்கள். இனிமை யாருக்கு என்று நான் கேட்டதில்லை.

வந்த புதிதில் இந்தச் சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் ஒரு டாக்டர், "மூன்றாம் கட்டிலில் ஒரு பெட் பிளாக்கர்" என்றார். கட்டில் உருளாமல் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையாக்கும் என்று நினைத்து ஸ்டோர் ரூமில் போய்த் தேடினேன். வீட்டுக்கு அனுப்ப முடியாமல் கட்டிலை அடைத்துக்கொண்டு கிடக்கும் கிழவருக்கு அந்தப் பெயராம். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் நானும் சிரித்தேன். இன்னும் கொஞ்ச நாளில் நானே அந்தச் சொல்லைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அந்த ஃபோன் பேச்சைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு அப்படி ஆகி இந்த மாதத்தோடு ஒரு வருஷம்.

2

அப்பா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலூர் தாலுகாவில் அவர் சங்கிலி பிடிக்காத கிராமம் குறைவு. அழகர்கோவில் பக்கத்துத் தோப்புகள், கொட்டாம்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்கள், குவாரிக்காரர்களும் விவசாயிகளும் அடித்துக்கொள்கிற பாறை ஓரங்கள் எல்லாம் அவருக்குப் பாடம். ஓய்வுக்குப் பிறகும் வரப்புத் தகராறு என்றால் இரண்டு தரப்பும் அவரைத்தான் தேடி வந்தார்கள். வரைபடத்தையும் டேப்பையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எதையும் ஞாபகத்தில் மட்டும் வைத்துக்கொள்ளமாட்டார், நோட்டில் எழுதிவிடுவார். "மனுசன் சொல்றது மாறும், எழுதுனது மாறாது" என்பார்.

இங்கே பாஸ்போர்ட்டில் என் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார்கள். அதனால் வார்டில் நான் "மிஸஸ் சுந்தரராசு." அவர்கள் வாயில் அது சண்டராஜு. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அப்பாவின் பெயர் அந்த வார்டில் ஒலிக்கிறது. அவர் ஒரு தடவைகூட இங்கே வந்ததில்லை. ஒருமுறை விசாவுக்குப் போட்டோம். திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். "மேலூர விட்டுட்டு நான் அங்கன எதுக்குத்தா இருக்கப்போறேன்? இத அவங்களுக்கு எப்பிடிச் சொல்லிப் புரியவைக்கிறது?" என்றார். மறுபடி போடவில்லை.

அம்மா இறந்த பிறகு அப்பா தம்பி செந்தில் வீட்டில் இருக்கிறார். செந்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறான்.

3

செந்தில் கூப்பிட்டபோது நான் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, அப்பா ஒரு மாதிரியா இருக்காருக்கா."

"என்ன மாதிரி?"

"நேத்து என்னையப் பாத்து 'தாசில்தார் கெளம்பிட்டாரா'ங்கிறாரு. நடக்கையில தள்ளாடுறாரு. காலையில பாத்ரூம்ல விழுந்துட்டாரு. முட்டியில அடி. நாலஞ்சு நாளா சரியாச் சாப்பிடவும் இல்ல."

மதுரைக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். அப்பா பிரஷருக்குக் காட்டிக்கொண்டிருந்த, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய தனியார் ஆஸ்பத்திரி. அங்கே நடந்ததைச் செந்தில் அன்று சாயங்காலமே வரிவரியாகச் சொன்னான். ஓ.பி.யில் கூட்டம். இவர்களைப் பார்த்தது மேற்படிப்புப் படிக்கிற இளம் டாக்டர். அவர் அப்பாவைப் பார்க்காமல் செந்திலிடமே கேட்டிருக்கிறார்.

"வயசு எம்புட்டு?"

"எழுபத்தெட்டு சார்."

"மறதி எவ்வளவு நாளா இருக்கு?"

"ஒரு பத்து நாளா இருக்கும் சார்."

"நீங்க கவனிச்சது பத்து நாளா. அதுக்கு முன்னாடியே இருந்திருக்கும்."

அப்பா சட்டைப் பையைத் தடவிக்கொண்டே ஏதோ சொல்ல வந்திருக்கிறார். "தாத்தா, செத்த இருங்க. ஒங்க பையன்ட்டப் பேசிக்கிட்டிருக்கேன்ல" என்றாராம் டாக்டர். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான்.

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மூளை லேசாகச் சுருங்கியிருந்தது. "வயசுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கு. பயப்படாதீங்க" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டில் ஆங்கிலத்தில் முதுமை மறதி நோய் என்று எழுதியிருந்தார். பிரஷர் மாத்திரைகளை அப்படியே தொடரச் சொல்லியிருந்தார்.

நான் மதுவைக் கூப்பிட்டேன். மது என் ஒரே மகள். அவளும் பயிற்சி மருத்துவர், முதல் வருஷம். இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இன்னொரு ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நான் பாதி சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, தாத்தா பழசு. பழசானா மூளை அப்படித்தான் ஆகும். நான் டெய்லி பாக்குறேன்."

மனிதர்களைப் பழசு என்று சொல்லக்கூடாது, துணிதான் பழசாகும், மனிதர்களுக்கு வயசாகும் என்று சின்ன வயதிலிருந்தே திருத்தி வந்திருக்கிறேன். அன்று திருத்தவில்லை. வேலையிடத்திலிருந்து பேசினாள். அவசரமாக வைத்துவிட்டாள்.

பிறகு செந்திலைக் கூப்பிட்டேன். "இனிமே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு அவரப் போட்டு அலைக்கழிக்காதடா. இதுக்கு மருந்து கெடையாது. நான் தெனமும் பாக்குற வேலைதான. வீட்டுலயே வச்சுப் பாத்துக்க. வண்டிச் சாவிய எடுத்து ஒளிச்சு வச்சிரு" என்றேன். இருபத்தோரு வருஷ அனுபவத்தில் பேசினேன். குரலில் ஒரு தெளிவுகூட இருந்தது.

அடுத்த மூன்று வாரத்தில் அந்தச் சீட்டு செய்த வேலையைச் சொல்ல வேண்டும். மொபெட் சாவி போனது. அவருடைய ஃபோன் போனது, யாருக்காவது தப்பாகப் பேசிவிடுவார் என்று. கொட்டாம்பட்டியிலிருந்து வரப்புத் தகராறோடு வந்த இரண்டு பேரிடம் செந்தில் மனைவி வாசலிலேயே, "மாமாவுக்கு முன்ன மாதிரி இல்லண்ணே" என்று சொல்லி அனுப்பினாள். மேலூருக்கு அது போதும். சாப்பிடும்போது அவருக்கு எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசப் பழகிவிட்டார்கள். வீடியோ காலில் நானும் "அப்பா சாப்ட்டாரா?" என்று செந்திலைத்தான் கேட்டேன்.

4

ஊருக்குப் போக விடுப்பு கேட்டேன். என் வீட்டில் வசிக்காத, வேறு நாட்டில் இருக்கிற தகப்பனார் என்னைச் சார்ந்தவர் ஆவாரா என்று இரண்டு மின்னஞ்சல் வந்தன. பிறகு ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி, நோயாளியின் நிலை தேற வாய்ப்புண்டா. கட்டம் இரண்டே இரண்டு. நான் இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். அப்பாவை நேரில் பார்க்காமலே.

மதுவும் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். "தாத்தா என்னை மறக்குறதுக்கு முன்னாடி பாத்துடணும்" என்றாள்.

நாங்கள் போனபோது அப்பா முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். முட்டியில் கட்டு. என்னைப் பார்த்து, "வாத்தா, பஸ்ஸுலயா வந்த?" என்றார். மது அவர் காதுக்கு அருகில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, உரக்க, "தா-த்-தா, நா-ன் ம-து" என்றாள்.

"காது கேக்குது" என்றார் அப்பா.

மறுநாள் காலை காபி கொண்டுபோனபோது தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து என் கையில் வைத்தார். வயல்வெளியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவுள்ள நோட்டு.

"இத ஒருத்தரும் படிக்கல" என்றார்.

"இதுல என்னப்பா இருக்கு?"

"படி."

முதல் பக்கங்களில் எழுத்து நேராக, அச்சுப் போல இருந்தது. போகப் போகச் சரிந்து, கோட்டைத் தாண்டி ஓடியது. மது பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்காக உரக்கப் படித்தேன்.

"புது மாத்திரை ஆரம்பம். சிறியது, வெள்ளை. பிரஷருக்கு, கால் நீரும் வடியுமாம்.

எட்டாம் நாள். குமட்டல். சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள். எழுந்தால் தரை சாய்கிறது. மாத்திரையாலோ? டாக்டரிடம் கேட்க.

பதினேழாம் நாள். விழுந்தேன். கேட்க."

அதற்குப் பிறகு இரண்டு பக்கங்களில் தேதிகூட இல்லை. கோணல் எழுத்தில் "கேட்க" மட்டும் மூன்று இடத்தில் இருந்தது.

"யார்ட்டயாச்சும் சொன்னீங்களாப்பா?"

அவர் நிதானமாக, இடையிடையே வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னார். "அந்த டாக்டர் தம்பிட்டச் சொல்ல நோட்ட எடுத்தேன். செத்த இருங்கன்னாரு. செந்திலுட்டச் சொன்னேன். ஒன்ட்டயும் அந்த வீடியோல சொன்னேன். நீ 'சரிப்பா சரிப்பா'ன்ன."

எனக்கு அது நினைவில் இல்லை. சொல்லியிருப்பார். நான் சரிப்பா என்றும் சொல்லியிருப்பேன்.

மது மாத்திரை டப்பாவை எடுத்து வரச் சொன்னாள். ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தவள் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, பிளட் டெஸ்ட் எடுத்தாங்களா? சோடியம் பாத்தாங்களா?"

ஸ்கேன் படம் மட்டும்தான் இருந்தது. ரத்தம் எடுக்கவே இல்லை என்றான் செந்தில்.

"இந்த மாத்திரை உப்ப எறக்கிடும். வயசானவங்களுக்கு ரொம்ப. எறங்கினா இப்படித்தான் ஆகும், கன்ஃப்யூஷன், விழறது, எல்லாம்." அட்டையை டப்பாவுக்கு வெளியே தனியாக வைத்தாள். "நானும் கேக்கலம்மா. அன்னைக்கு ஃபோன்ல நான் ஒரு கேள்விகூட கேக்கல."

பஸ் ஸ்டாண்ட் எதிரில் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தோம். நாங்கள் சீட்டு வாங்கப் போகும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை, மதியத்துக்குள் ஃபோன் செய்துவிட்டார்கள். நூற்று முப்பத்தைந்துக்குக் குறையக்கூடாத சோடியம் நூற்றுப் பதினேழு இருந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார்கள். பழைய பதிவெல்லாம் அங்கே இருப்பதால் மதுரையில் அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

5

வெள்ளை மாத்திரையை நிறுத்தினார்கள். உப்பை அவசரமாக ஏற்றினாலும் ஆபத்தாம். சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மது இரண்டு நாளும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலை ஜன்னலில் வெயில் விழுந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு நர்ஸிடம், "இந்த ரூமு தெக்க பாத்துல்ல இருக்கு. எங்கட்ட வடக்க பாத்த ரூம்னு சொன்னீங்களே" என்றார். நர்ஸ் சிரித்தார். செந்தில் வெளியே போய் நின்றுகொண்டான்.

ஆறாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சீட்டோடு வந்த டாக்டரைப் பார்த்ததும், "அவருதாங்க்கா" என்றான் செந்தில் மெதுவாக. ஓ.பி.யில் பார்த்த அதே டாக்டர். ஒல்லியான பையன். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மது டாக்டர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவளைப் பார்த்து, "மேடம், பேஷண்ட் இப்ப நல்லா இருக்காரு" என்று ஆரம்பித்தார்.

"தாத்தாட்ட சொல்லுங்க" என்றாள் மது.

அவர் திரும்பினார். அப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். முதல் முறை கொடுத்த சீட்டு. அத்தனை வாரமும் அது அவரிடம்தான் இருந்திருக்கிறது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

"இது நீங்க எழுதுனதா தம்பி?"

"ஆமா தாத்தா."

"ஏம் பேரு சுந்தரராசு."

"ஆமா... ஆமா சார்."

"எனக்கு வயசாயிருச்சு. அத நான் ஆட்சேபிக்கல. ஆனா இந்த வார்த்த தப்பு. எங்க ஆபீஸ்ல தப்பா எழுதிட்டா ரப்பர் வச்சு அழிக்க மாட்டோம். மேல ஒரே ஒரு கோடு. தப்பும் வெளிய தெரியணும். பக்கத்துல சரியானத எழுதிச் சுருக்கொப்பம் போடணும். போடுங்க."

"அது கம்ப்யூட்டர்ல ஏறிருச்சு சார். புதுச் சீட்டுல சோடியம் குறைஞ்சதாலன்னு தெளிவா எழுதிருக்கேன்."

"புதுசு இருக்கட்டும். அங்கிட்டு நான் இன்னமும் மறதிக்காரனாத்தான இருக்கேன்?"

"எங்க சீஃப்ட்ட கேக்கணும் சார்."

"கேட்டுட்டு வாங்க. நான் இருக்கேன்."

ஒன்றரை மணி நேரம் இருந்தார். கார்க்காரர் இரண்டு தடவை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். "விடுங்கப்பா, அதான் சரியாயிருச்சுல்ல" என்றான் செந்தில். எனக்கும் உள்ளுக்குள் அலுப்பாகத்தான் இருந்தது. இதுபோல எத்தனையோ சீட்டுகளை நான் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். யாரும் உட்கார்ந்து அடம்பிடித்து நான் பார்த்ததில்லை.

டாக்டர் திரும்பி வந்து, நின்றபடியே அந்தச் சொல்லின் மேல் கோடு போட்டுப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். கம்ப்யூட்டரிலும் திருத்திவிட்டதாகச் சொன்னார். தாளைக் கொடுக்கும்போது, "சாரி சார். எழுபதுக்கு மேலன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

"எழுபதுக்கு மேலன்னா?"

"நாங்க அம்புட்டா எதுவும் கேக்கறதில்ல சார்."

அப்பா தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "தேதி போடல" என்றார். டாக்டர் வாங்கித் தேதி போட்டுக் கொடுத்தார்.

கார் ஒத்தக்கடையைத் தாண்டியது. பிறகு மது வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "எக்ஸாம்ல இதே கேள்வி வந்துச்சும்மா. நான் கரெக்டா எழுதுனேன்."

6

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத முடியாது. முட்டி அடி முழுதாக ஆறவில்லை, தடி ஊன்றித்தான் நடக்கிறார். செந்தில் மொபெட் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். கால் நிற்காது என்று அப்பாவே வாங்கிக்கொள்ளவில்லை. வரப்புத் தகராறுக்காரர்கள் வருவது நின்றது நின்றதுதான். கோடு போட்டுத் திருத்திய தாளை வீடுவீடாகக் காட்டவா முடியும். இந்த ஒரு வருஷத்தில் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் அப்பா சொன்ன அளவைச் செந்திலிடம் தனியாக ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு போனாராம்.

மது மாறிவிட்டாள் என்று சொல்ல எனக்கு ஆசை. அவள் வார்டில் என்ன செய்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமைகளில் என் வழியாக இல்லாமல் நேரே தாத்தாவைக் கூப்பிடுகிறாள். அவருடைய ஃபோன் இப்போது அவரிடமே இருக்கிறது. பழசு என்று சொல்வதில்லை. இப்போதெல்லாம் "மூத்தவங்க" என்கிறாள். நோயாளிகள் எல்லோரையும் அப்படித்தான் சொல்கிறாள். அது முழுக்கச் சரியில்லை, ஆனாலும் நான் திருத்தவில்லை.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றைக்கு நடந்தது ஒன்று பாக்கி. மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. மது பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். செந்தில் கடைக்குப் போயிருந்தான். அப்பா கட்டிலில் உட்கார்ந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். ஆஸ்பத்திரிக்கு அலைய வேணாம், வீட்டுலயே வச்சுப் பாத்துக்கன்னு செந்திலுட்டச் சொன்னது நான்தான். அவன் மேல தப்பு இல்ல."

"தெரியும்" என்றார்.

"அவன் சொன்னானா?"

"அவன் எங்க சொன்னான். ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு ஏம் பக்கத்துல ஒக்காந்துதான பேசுனான். எனக்கு ஒண்ணும் வெளங்காதுன்னு நெனச்சுட்டான்." ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தனியே வைத்தார். "அன்னைக்கு யாரு தாசில்தாரு, யாரு செந்திலுன்னுதான் கொழம்புச்சு. ஒங்கொரலு தெரிஞ்சுச்சு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நகர்ந்து இடம் விட்டார். வெளியே கார் வந்து ஹாரன் அடித்தது.

"பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டியாத்தா?" என்றார்.

"எடுத்துக்கிட்டேன்ப்பா" என்றேன்.